லண்டன் புகைப்பனியும் அசையாத காற்றும்

லண்டனின் நிலக்கரிப் புகை மிகப் பழையது. 1661இலேயே ஜான் ஈவ்லின் அப்புகையைக் கண்டித்து நூலொன்றை எழுதி மன்னர் இரண்டாம் சார்லசிடம் முறையிட்டிருந்தார்; அதன் பின்னும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அந்நகரின் வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் ஓயாமல் புகைந்தன. குளிர்காலம் முழுவதும் எழுந்த அப்புகை, குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் கொத்துக்கொத்தாக உயிர்களைப் பறித்ததற்கான காரணத்தைப் புகைபோக்கிகளுக்கு மேலே, பல நூறு கிலோமீட்டர் பரந்த வளிமண்டல அமைப்புகளில் தேட வேண்டும்.

வழக்கமாக அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் மேலைக் காற்று, நகரின் புகையை வாரிச் சென்றுவிடும். 1952 டிசம்பர் தொடக்கத்தில் தெற்கு இங்கிலாந்தின் மீது உயர் அழுத்த மண்டலம் ஒன்று வந்து நிலைகொண்டபோது அக்காற்று நின்றுபோயிற்று. இத்தகைய மண்டலத்தில் மேலிருக்கும் காற்று மெல்லக் கீழிறங்கி, இறங்குகையில் அழுத்தப்பட்டு வெப்பமடைகிறது. அதன் அடியிலோ நீண்ட குளிர்கால இரவில் நிலம் வெப்பத்தை இழப்பதால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடுகிறது. உயரே செல்லச் செல்லக் குளிர வேண்டிய காற்று இவ்வாறு வெப்பம் கூடி நிற்கும் நிலையே வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் எனப்படுகிறது. குளிர்ந்த கனமான காற்றால் இந்த வெப்ப அடுக்கைத் துளைத்து மேலெழ முடியாது என்பதால், நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் புகைத்துகளும் 370 டன் கந்தக டை ஆக்சைடும் 100 முதல் 200 மீட்டர் வரையிலான தடிப்புள்ள மூடுபனிக்குள் அடைபட்டன. பனித்துளிகளில் கரைந்த கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலமாயிற்று. புகையை அடைத்து வைத்த அதே வானிலைதான் மக்களைக் குளிரில் நடுங்கச் செய்து மேலும் கரி எரிக்கவும் வைத்தது என்பதே இந்நிகழ்வின் மிகக் கொடிய முடிச்சு. போருக்குப் பிந்தைய நெருக்கடியில் நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குச் செல்ல, எளிய குடும்பங்களுக்குக் கிட்டியதோ புகை மிகுந்த மட்டமான கரி.

டிசம்பர் 5 முதல் ஐந்து நாட்கள் பேருந்துகள் முடங்கின. அரங்கினுள்ளும் புகை புகுந்ததால் சாட்லர்ஸ் வெல்ஸில் இசைநாடகம் பாதியில் கைவிடப்பட்டது. 9ஆம் நாள் காற்று மீண்டும் வீசியதும் மூட்டம் கலைந்தது. ஆனால் அதற்குள் சுமார் 4,000 பேர் இறந்திருந்தனர். அடுத்த மாதங்களில் நேர்ந்த மிகுதியான இறப்புகளை இன்ஃபுளுயன்சா காய்ச்சலின் கணக்கில் எழுதிய அன்றைய அதிகாரபூர்வ விளக்கம் நேர்மையான ஒன்றாகத் தோன்றவில்லை. பிற்கால ஆய்வு மொத்த இறப்பு 12,000 வரை இருக்கக்கூடும் எனக் கணித்துள்ளது.

இதற்கு முன்னரே 1930இல் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கிலும், 1948இல் அமெரிக்காவின் டோனோராவிலும் தலைகீழ் மாற்றத்தின் கீழ் தொழிற்சாலைப் புகை தேங்கி மக்கள் இறந்திருந்தனர். எச்சரிக்கை இருமுறை கிடைத்திருந்தும் லண்டனுக்குச் சட்டம் கிடைப்பதற்கு மூன்றாவது பேரழிவும், அதன் பின் ஹ்யூ பீவர் தலைமையிலான குழுவின் அறிக்கையும் தேவைப்பட்டன. 1956இன் தூய காற்றுச் சட்டம் புகையற்ற எரிபொருளை மட்டுமே எரிக்கக்கூடிய பகுதிகளை வகுக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. 1962 டிசம்பரில் அதே வகை உயர் அழுத்தம் மீண்டும் நகரின் மீது நிலைகொண்டபோது, கந்தக டை ஆக்சைடு பழைய அளவை ஒட்டியே இருந்தும், கரும்புகை பெரிதும் குறைந்திருந்தது. இறப்புகள் சில நூறாக இருந்தன.