ஒரே பீடம், இரு குரல்கள்

அடிமை வாணிபம் என்றதும் ஆப்பிரிக்கக் கரைகளே நம் நினைவில் எழுகின்றன. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் மப்புச்சே மக்கள் சுமந்த நுகத்தை நம்மில் பலர் அறியோம். அவ்வரலாறு திருச்சபையின் மக்களாகிய நம்மைப் பெருமிதம் கொள்ளவும் செய்கிறது, தலைகுனியவும் செய்கிறது.

1541-இல் சாந்தியாகோ நகரை நிறுவிய இஸ்பானியத் தளபதி பெத்ரோ தே வால்தீவியா, மண்ணின் மக்களது உழைப்பைத் தம் வீரர்களுக்குப் பங்கிட்டளித்தார். உழைப்பைப் பெறுவோர் அம்மக்களுக்கு மறைக்கல்வி அளிக்கவேண்டும் என்பது விதி. உழைப்பு தவறாமல் பெறப்பட்டது. மறைக்கல்வியோ பெரும்பாலும் பெயரளவில் நின்றது. ஆற்று மணலில் பொன் அரிப்பதே பலருக்கு வாழ்வாயிற்று. வால்தீவியாவிடம் பணியாளனாயிருந்து தப்பிய லௌத்தாரோ என்ற இளைஞன் மக்களைத் திரட்டினான். 1553-இல் துகாபெலில் தளபதி மாண்டார்.

1598-இல் மற்றோர் ஆளுநரும் கொல்லப்பட்டார். கிளர்ந்தெழுந்தோரை அடிமைகளாக்குவது முறையே என்று சாந்தியாகோ பேராலயப் பொருளாளரான குரு மெல்கோர் கால்தெரோன் வாதிட்டார். 1608-இல் மன்னர் மூன்றாம் பிலிப்பு அதற்கு ஆணையிட்டார். போரில் பிடிபடும் பத்தரை வயது கடந்த சிறுவனும், ஒன்பதரை வயது கடந்த சிறுமியும் அடிமைகள்! அமெரிக்க மக்களின் விடுதலையைப் பறிக்கலாகாது எனத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537-இலேயே அறிவித்திருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மறு குரலும் அதே 1608-இல் எழுந்தது. இயேசு சபை மாநிலத் தலைவர் தியேகோ தே தோரெஸ், சபையின் சாந்தியாகோ இல்லத்தில் கட்டாயப் பணி செய்தோரை விடுவித்துக் கூலி வழங்கினார். பண்ணையார்கள் சினந்தனர். லூயிஸ் தே வால்தீவியா என்ற இயேசு சபைக் குரு அரசவையில் வாதாடி, படையெடுப்பை நிறுத்தும் ஆணையோடு 1612-இல் சிலிக்குத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் அவர் அனுப்பிய சபைத் தோழர் மூவர் எலிகூராவில் கொல்லப்பட்டனர். எதிர்ப்பாளர் கை ஓங்கிற்று. 1625-இல் அடிமைமுறை மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

காரணம் பகைமை மட்டுமன்று, ஆதாயமும்தான். சிறைப்பட்டோர் லீமா வரை விற்கப்பட்டனர். போர் அடிமைகளைத் தந்தது. அடிமை வாணிபம் போரை வளர்த்தது. அதன் விளைவே 1655-இன் பேரெழுச்சி. 1674-இல்தான் அரச ஆணை இவ்வடிமைமுறையை விலக்கிற்று. உழைப்பைப் பங்கிடும் முறையோ 1791 வரை நீடித்தது. இயேசு சபையினரும் 1767-இல் நாடுகடத்தப்படும்வரை ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டிருந்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

கால்தெரோனும் லூயிஸும் ஒரே நற்செய்தியை வாசித்தவர்கள். ஒரே பீடத்தில் பலி செலுத்தியவர்கள். பின் ஏன் இந்த வேறுபாடு? லூயிஸ் மப்புச்சே மொழியைக் கற்று, 1606-இல் அதற்கு இலக்கணமும் வெளியிட்டவர். அம்மக்கள் அவருக்கு ஒரு வாதப் பொருளல்லர்; பேசும் மனிதர். நம் வயலிலும் இல்லத்திலும் உழைப்போரின் மொழி நமக்குத் தெரியும். அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறோமா?