பனிச்சறுக்கில் ஈடுபடும் இளையோருக்கு ஏற்படும் ஆஸ்துமா

நார்வே, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் பயிற்சி பெறும் இளையோரிடையே ஆஸ்துமா, பொதுமக்களைக் காட்டிலும் அதிகமாகக் காணப்படுகிறது. பந்தயத்திற்குப் பின் வரும் இருமல் இவ்விளையாட்டில் இயல்பானதே என்று பலர் விட்டுவிடுகின்றனர். அது மூச்சுக்குழாய் சுருங்குவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

ஏன் ஏற்படுகிறது?

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றையே சுவாசிக்கிறோம். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரப்படுத்தி உள்ளே அனுப்புகிறது. முழு வேகத்தில் செல்லும் பனிச்சறுக்கு வீரர் நிமிடத்திற்கு 100 லிட்டருக்கும் மேற்பட்ட காற்றைப் பெரும்பாலும் வாய்வழியே இழுக்கிறார். கடுங்குளிர்க் காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. எனவே அதனை ஈரப்படுத்தும் சுமை நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வரை செல்கிறது. அவற்றின் உட்பரப்பு உலர்ந்ததும், அங்குள்ள செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் குழாயைச் சூழ்ந்த தசைகளைச் சுருங்கச் செய்கின்றன. குளிரைவிட வறட்சியே இதில் முதன்மையானது. பல பருவங்கள் இவ்வாறு தொடர்ந்தால் உட்படலம் சேதமடையும். சிறுவயதில் ஆஸ்துமா இல்லாதவருக்கும் பின்னர் அது தோன்றலாம்.

எல்லா மூச்சுத்திணறலும் ஆஸ்துமா அல்ல

ஆஸ்துமாவில் இருமலும் இழைப்பும் பெரும்பாலும் பயிற்சியை நிறுத்திய 5 முதல் 15 நிமிடங்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் தணியும். மாறாக, கடும் உழைப்பின் உச்சத்திலேயே தொண்டை இறுகி, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி எழுந்து, நின்றவுடன் விரைவில் நீங்கினால், குரல்வளை குறுகுவதே காரணமாக இருக்கலாம். இது இளம்பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இன்ஹேலர் இதற்குப் பயன் தராது. மூச்சுப் பயிற்சியே உதவும். ஆகவே அறிகுறிகளை மட்டும் கேட்டு மருந்து எழுதுவது போதாது. ஓய்வில் செய்யப்படும் ஸ்பைரோமெட்ரி சோதனை இயல்பாக இருந்தாலும், உடற்பயிற்சிக்குப் பின் முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறதா எனப் பார்க்கக் கேளுங்கள்.

சிகிச்சையும் பாதுகாப்பும்

உறுதியான ஆஸ்துமாவுக்கு நாள்தோறும் இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரே அடிப்படை. சால்பியூட்டமாலை மட்டும் தினமும் நம்பியிருந்தால் அதன் பலன் குறையும், அழற்சியும் தணியாது. பந்தயத்திற்கு முன் இடையிடையே வேகம் கூட்டிய முன்பயிற்சியும், காற்றைச் சூடாக்கும் முகமூடியும் நன்மை தரும். சளிக்காய்ச்சலின்போது கடும் பயிற்சியைத் தவிர்க்கவும். வெப்பநிலை −20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சென்றால் பன்னாட்டுப் போட்டிகளே நடத்தப்படுவதில்லை. பயிற்சியாளர்கள் இதனைப் பிள்ளைகளின் பயிற்சிக்கும் பொருத்திப் பார்ப்பது நல்லது.

போட்டியிடுவோர் சால்பியூட்டமாலை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற ஊக்கமருந்து விதி வரம்புக்குள் மட்டுமே இழுக்கலாம். இது சிகிச்சை அளவு அன்று. மருத்துவர் கூறும் அளவையே பின்பற்றவும். அணி மருத்துவரின் ஆலோசனைப்படி நெபுலைசரில் அதிக அளவு பயன்படுத்திய நார்வே வீரர் மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பிக்கு 2016-இல் இரண்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போட்டிக்காலத்தில் தனி அனுமதி தேவை.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், இன்ஹேலர் எடுத்தும் தணியாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி, பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்கவும்.