மூங்கில் புல்லா, மரமா? தாமதமாக வரும் ஒரு பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். வகுப்பில் தூங்கியவர்கள் இப்போதாவது முழுக்கப் படிக்க வேண்டும்!

ஜவ்வாது மலை அடிவாரத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். 1990-களின் தொடக்கம். வெள்ளைக்காரர் காலத்து வனச் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தேன். மூங்கிலையும் மரம் என்றே சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. கூடை முடைகிற குடும்பத்துப் பையன்.

“சார், சயின்ஸ் சார் மூங்கில் புல்லு வகைன்னு சொன்னாரே?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

“புல்லுன்னா எங்கப்பாவ ஏன் சார் புடிச்சாங்க?”

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மலைமேல் ஒருவருடைய பட்டா நிலத்தில் காசு கொடுத்து மூங்கில் வெட்டி எடுத்து வந்திருக்கிறார் அவன் அப்பா. வழியில் பாஸ் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு அபராதமும் வாங்கிவிட்டார்கள். ஆனால் அன்று வகுப்பில் நான் சொன்னது இவ்வளவுதான்: “பாடத்துல இருக்கிறத மட்டும் கேளு. உட்காரு.”

பணியில் இருந்தபோது பல கேள்விகளுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு கேள்வியை உட்காரவைத்ததில்தான் வெட்கம். ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்ததில் கிடைத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாவரவியல். சயின்ஸ் சார் சொன்னதே சரி. நெல், கரும்பு, அருகம்புல் எல்லாம் சேர்ந்த புல் குடும்பத்தில்தான் மூங்கிலும் வருகிறது. ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், ‘மரம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது பனை வகை, மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்துவிட்டது. (நம் பகுதிக்கு 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் என்று தனிச் சட்டம் உண்டு. பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது 1927 சட்டம்தான்.)

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்கார வன அதிகாரிகள் ஆரம்பத்தில் மூங்கிலை மதிக்கவே இல்லை. தேக்குக்கு இடைஞ்சலான களை என்று நினைத்து அழிக்கப் பார்த்தார்கள். மூங்கிலிலிருந்து காகிதம் செய்யலாம் என்று தெரிந்த பிறகுதான் களை சொத்தானது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கதை. ஆலைகளுக்கு நீண்ட கால ஒப்பந்தத்தில், மிக மலிவான விலைக்கு, காடு காடாக மூங்கில் போனது. கூடை முடைகிறவர் கடைத்தெரு விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

1970-களில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் மூங்கில் ஏன் குறைந்துபோகிறது என்று ஆராயப் போனார் சூழலியலாளர் மாதவ் காட்கில். மூங்கில் தூரைச் சுற்றி முள் பின்னிக் கிடக்கும். அதை வெட்டிச் சுத்தம் செய்தால் புதர் நன்றாக வளரும் என்பது ஆலைக்காரர்கள் கணக்கு. ஊர்க்காரர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். முள்ளை எடுத்துவிட்டால் மழைக்கு முளைக்கிற இளங்குருத்தை மாடும் காட்டு விலங்கும் தின்றுவிடும், அப்புறம் புதர் எப்படித் தழைக்கும் என்றார்கள். காட்கில் களத்தில் பார்த்தபோது ஊர்க்காரர்கள் சொன்னதே சரியாக இருந்தது. காட்டைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர், அதன்மேல் அதிகாரம் உள்ளவர் வேறொருவர். நம் நாட்டு வன வரலாற்றில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

அப்படியானால் காட்டை ஊர்க்காரர்களிடமே கொடுத்துப் பார்த்தால் என்ன? அதை முயன்று பார்த்த மூன்று இடங்களைச் சொல்கிறேன். நடுவது, காப்பது, விற்பது என்ற மூன்று சொற்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் இடம், மேற்கு வங்கத்தில் மிட்னாப்பூர் மாவட்டத்து ஆரபாரி. சால் மரக் காடு மொட்டையாகிக் கிடந்தது. எத்தனை காவல் போட்டாலும் பயனில்லை. 1971-72-இல் ஏ.கே. பானர்ஜி என்ற வன அதிகாரி சுற்றியிருந்த 11 கிராமங்களின் 618 குடும்பங்களோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். 1,272 ஹெக்டேர் காட்டை அவர்கள் பாதுகாக்க வேண்டும். பதிலுக்கு நடுகிற வேலையும் வெட்டுகிற வேலையும் அவர்களுக்கே. விறகும் தீவனமும் சிறு கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மரம் முற்றி வெட்டும்போது வருமானத்தில் 25 சதவீதம் அவர்கள் பங்கு. திருட வந்தவர்களே காவலர்கள் ஆனார்கள். ஒன்றுக்கும் உதவாது என்று கைவிடப்பட்ட அந்தக் காட்டின் மதிப்பு 1983-இல் 12.5 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள்.

1988-இல் வந்த தேசிய வனக் கொள்கை, காட்டை நம்பி வாழ்கிறவர்களின் தேவைக்கு முதலிடம் என்றது. 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையால் ‘கூட்டு வன மேலாண்மை’ நாடெங்கும் பரவியது. பின்னாளில் இப்படிப்பட்ட குழுக்கள் 1 லட்சத்தைத் தாண்டின. நம் மாநிலத்தில் 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் ‘கிராம வனக் குழு’ என்ற பெயரில் இதே முறை வந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. பங்கு தருவோம் என்பது அரசாணையாக இருந்தது, சட்டமாக இல்லை. பெரும்பாலான குழுக்களில் செயலாளர் வனத்துறை அலுவலர்தான். நடுவதிலும் காப்பதிலும் ஊர் வந்துவிட்டது. விற்பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாவது இடம், தெற்கு குஜராத்தில் வான்ஸ்தா. 1946-இல் காந்தியுடன் உருளி காஞ்சனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர் மணிபாய் தேசாய். அவர் 1967-இல் தொடங்கிய பைஃப் நிறுவனம் 1982-இல் ஆதிவாசி விவசாயிகளிடம் ‘வாடி’ என்ற முறையைக் கொண்டுபோனது. அந்தப் பக்கத்தில் வாடி என்றால் தோப்பு. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 1 ஏக்கர் சரிவு நிலம். உள்ளே மாவும் முந்திரியும், வரப்பைச் சுற்றி மூங்கிலும் மற்ற காட்டு மரங்களும். மா காய்க்கச் சில வருடம் ஆகும், அதுவரை வயிற்றுக்கு என்ன செய்வது? அதற்காக நடுவில் தானியமும் காய்கறியும். விவசாயிகள் கிராமக் குழுக்களாகவும் பிறகு கூட்டுறவுச் சங்கமாகவும் சேர்ந்தார்கள். மாங்காய் ஊறுகாயும் முந்திரிப் பருப்பும் சங்கத்தின் வழியாகச் சந்தைக்குப் போயின. மழைக்காலம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்க் கூலிக்குப் போன குடும்பங்கள் ஊரில் தங்க ஆரம்பித்தன. நபார்டு வங்கி 2003-04-இல் இதற்கென்று ஒரு நிதியம் ஏற்படுத்தியது. வாடி நம் மலைகளுக்கும் வந்தது. இங்கே வெற்றிக்குக் காரணம் லேசானது. நிலம் அவர்களுடையது. நட்டவர், காத்தவர், விற்றவர் மூவரும் ஒருவரே. ஆனால் வரப்பிலிருக்கிற மூங்கில்? அது சட்டப்படி மரமாயிற்றே!

மூன்றாவது இடம்தான் என் மாணவனின் கேள்விக்கு நேராக வருகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா என்ற கோண்டு ஆதிவாசி கிராமம். சுமார் நூறு வீடுகள். பக்கத்து ஊர் லேகா, அதனால் மேண்டா லேகா என்பார்கள். 1980-களில் அணை எதிர்ப்புப் போராட்டத்தில் விழித்த ஊர் இது. தில்லியிலும் மும்பையிலும் இருப்பது நம் அரசு, நம் ஊரில் நாமே அரசு என்பது அவர்கள் முழக்கம். கிராம சபையில் எல்லாரும் சம்மதித்தால்தான் முடிவு. ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் ஒப்பாவிட்டாலும் மறுபடி பேசுவார்கள். தேவாஜி தோஃபா அந்த ஊர்க்காரர், மோகன் ஹிராபாய் ஹிராலால் துணை நின்ற நண்பர். சட்டத்தைப் படிக்கவென்றே ஊரில் ஒரு படிப்பு வட்டம் வைத்திருந்தார்கள். வாத்தியார் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சிறு வன விளைபொருள்களின் பட்டியலில் தேன், மெழுகு, பீடி இலையோடு மூங்கிலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த விளைபொருள்களுக்கு உரிமையாளர் கிராமத்தார். 2009-இல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டின்மேல் மேண்டாவுக்குச் சமூக உரிமைப் பட்டா கிடைத்தது. பட்டா கையில் இருந்தும் மூங்கிலை விற்க முடியவில்லை. 1927 சட்டப்படி மூங்கில் மரம், ஆகவே பாஸ் எங்களுடையது என்றது வனத்துறை. ஒரே நாட்டில் ஒரு சட்டத்தில் மரம், இன்னொரு சட்டத்தில் சிறு விளைபொருள்! என் வகுப்பறையில் நடந்த அதே வழக்கு.

கிராமத்தார் விடவில்லை. 2011 மார்ச்சில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் எல்லா முதலமைச்சர்களுக்கும் மூங்கிலைச் சிறு விளைபொருளாகவே நடத்துங்கள் என்று கடிதம் எழுதினார். 2011 ஏப்ரல் 27 அன்று அவரே மேண்டாவுக்கு வந்து, மாநில முதலமைச்சர் முன்னிலையில், பாஸ் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். ஒரு சின்னப் புத்தகம். வெறும் ரசீதுக் கட்டு. ஆனால் அந்த ஊரில் ‘விற்பது’ என்ற மூன்றாவது சொல் அன்றுதான் ஊராரிடம் வந்து சேர்ந்தது.

உரிமை வந்தால் ஒரே வருடத்தில் மொத்தத்தையும் வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. மூங்கில் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். இளங்கழியை விட்டுவிட்டு முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். ஓரத்தில் கைக்கு எட்டுவதை எல்லாம் வெட்டினால் நடுவில் நெருக்கி புதர் பாழாகும். அடுத்த வருடம் இங்கே வரப்போவதில்லை என்கிற காண்டிராக்டருக்கு அந்தக் கவலை எதற்கு? பேரனும் இதே புதரில்தான் வெட்டப்போகிறான் என்று தெரிந்தவருக்குக் கத்தி தானாக நிதானிக்கும். அண்டை மாவட்டமான சந்திரப்பூரின் பாச்காவ் கிராமம் இன்னும் ஒரு படி மேலே போனது. பீடி இலைக்காகக் கிளையை வெட்டுவதும் தீ வைப்பதும் காட்டுக்குக் கெடுதல் என்று அந்த வருமானத்தையே விட்டுவிட்டு, மூங்கில் போதும் என்று முடிவு செய்தது.

கடைசியாக 2017 டிசம்பரில் நாடாளுமன்றம் 1927 சட்டத்தைத் திருத்தியது. ‘மரம்’ என்ற விளக்கத்திலிருந்து மூங்கில் என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்தார்கள். காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் மூங்கில் வளர்க்கும் விவசாயிக்காக வந்த திருத்தம் அது. சயின்ஸ் சார் வகுப்பில் சொன்னதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 90 வருடம் ஆனது.

இப்போது எங்கு பார்த்தாலும் மரம் நடுவிழா. நானும் போய் நட்டிருக்கிறேன், படமும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இனி அழைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். இது வளர்ந்தால் யாருக்குச் சொந்தம்? வெட்டுகிற நாளில் யார் கையில் பாஸ்? அதற்குப் பதில் இருக்கிற இடத்தில் கன்று பிழைத்துக்கொள்ளும்.

கடைசி பெஞ்சுத் தம்பிக்கு: நீ இந்தக் குழுவில் இருக்கிறாயா என்று தெரியவில்லை. உன் கேள்விக்குப் பதில் இதுதான். மூங்கில் புல்தான். உன் அப்பா எடுத்து வந்தது சொந்தக் காசுக்கு வாங்கிய புல். சட்டம் அதை வேறு பெயரில் எழுதி வைத்திருந்தது. அது தப்பு என்று பிறகு நாடே திருத்திக்கொண்டது. நீ கேட்டது பாடத்துக்கு வெளியே இல்லையப்பா, அதுதான் பாடம். அன்று உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள். அப்பா இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லு.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்