எல்லைக்கு இப்பால் ஒரு மீன் காட்சியகம்

ஓசூர்ப் பிள்ளைகளுக்கு மீன் காட்சியகம் என்றாலே பெங்களூரு கப்பன் பூங்காதான். கர்நாடக அரசு 1983-இல் திறந்த அந்தக் காட்சியகம் ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அத்திபெலே நெரிசல் தனிக்கணக்கு. தங்கமீன், ஏஞ்சல், சண்டைமீன் எல்லாம் பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம் நம் ஆற்று மீன்களின் பெயரைக் கேளுங்கள். கட்லா, ரோகு என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அவையும் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை!

சென்னை அப்படித் தொடங்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்தபோது எழுந்த திட்டம், அவருக்குப் பின் வந்த ஹெண்டர்சன் காலத்தில் நிறைவேறி, 1909 அக்டோபரில் மெரினாவில் மீன் காட்சியகமாகத் திறந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. ஹெண்டர்சன் நண்டு இனங்களை ஆராய்ந்து பெயர்பெற்றவர். எதிரே கிடந்த கடலின் உயிர்களைத்தான் தொட்டிகளில் விட்டார்கள். கடல்பாம்புகளைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 1919-இல் மீன்வளத் துறைக்குக் கைமாறிய காட்சியகம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் மூடப்பட்டது.

அருகில் இருக்கும் உயிர்களையே காட்டிய அந்த வழி நமக்கும் பொருந்தும். காவிரியிலிருந்து இயற்கையியலாளர் ஜெர்டன் 1849-இல் விவரித்த அருலியஸ் என்னும் சிறு கெண்டையைப் பாருங்கள். பக்கவாட்டில் கரும்பட்டைகள், வெளிச்சம் பட்டால் ஊதாச் சாயல். வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூலிழைகள் நீண்டு தொங்கும். ஏஞ்சலைவிட எதில் குறைச்சல்? அஞ்செட்டிக்கு மேற்கே ஓடும் அதே காவிரியின் கூன்முதுகு மஹசீர் 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. அதன் அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அதே ஆண்டு பட்டியலிட்டார்கள்.

இடத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. 1957-இல் திறந்த கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் கடையைத் தவறவிடுவதில்லை. வறுபடும் மீனை உயிரோடும் பார்க்கட்டுமே. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமே இருக்கிறது. நன்னீர்த் தொட்டிக்குக் கடல்நீர்த் தொட்டியைப் போலச் செலவும் பிடிக்காது.

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. கிருஷ்ணகிரி அணைக்கு நீர் தருவதும் நந்தி மலையில் பிறப்பதுமான தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு நுரையாக வருகிறது. ஆற்று மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும். அந்த அணைநீரில் அன்றன்று எவ்வளவு இருக்கிறது என்பதையும் காட்சியக நுழைவாயிலில் எழுதிப்போட வேண்டும், இரு மாநில அதிகாரிகளுக்கும் புரியும்படி தமிழிலும் கன்னடத்திலும்.