கால்வாயின் மேல் பறந்த கண்டபேரண்டம்

மைசூரில் வாழும் தமிழன்பர்கள் நாள்தோறும் காணும் சின்னம் ஒன்று உண்டு. ஓருடலும் இரு தலைகளும் கொண்ட கண்டபேரண்டப் பறவையே அது. உடையார் மன்னர்களின் இலச்சினையாக விளங்கிய அப்பறவை, இன்று கர்நாடக அரசின் முத்திரையிலும் அரசுப் பேருந்துகளிலும் இடம் பெற்றிருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் அதே பறவை ஒரு போர் விமானப் படையணியின் சின்னமாக ஐரோப்பாவுக்குச் சென்று வந்தது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

1940-ஆம் ஆண்டில் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜெர்மானியக் குண்டுகள் லண்டன் நகரின்மீது பொழிந்தன. விமானங்கள் வாங்கப் பொருள் வேண்டுமென்று பிரிட்டன் தன் சாம்ராஜ்யம் எங்கும் கை நீட்டியது. ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு 5,000 பவுன் என்று நன்கொடைக் கணக்கு வகுத்தார்கள். உண்மைச் செலவு அதனினும் மிகுதி. அக்கால நாணய மாற்றுப்படி அத்தொகை ஏறத்தாழ 66,700 ரூபாய். பெருந்தொகை அளித்த நாடுகளின் பெயர்கள் படையணிகளுக்கே சூட்டப்பட்டன. நம் சென்னை மாகாணத்தின் பெயரை 234, 264 ஆகிய இரு படையணிகள் ஏற்றன. மைசூர்ச் சமஸ்தானம் திரட்டி அளித்த பொருளுக்காக, 129-ஆம் படையணி 'மைசூர்' என்று பெயர் பெற்றது.

முதல் உலக யுத்தத்தின்போது, 1918-இல், சில மாதங்களே இருந்து கலைந்துபோன படையணி அது. 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் யார்க்ஷயரிலுள்ள லெக்கன்ஃபீல்டில் ஸ்பிட்ஃபயர் விமானங்களுடன் மீண்டும் உருவாயிற்று. மைசூரில் ஜயசாமராஜ உடையார் பட்டமேற்று ஓராண்டுகூட நிறையவில்லை. கண்டபேரண்டம் படையணியின் சின்னமாயிற்று. நியாயத்தைக் காப்பேன் என்னும் பொருளுடைய வாசகம் அதன் கொள்கை மொழியாயிற்று.

அவ்வாண்டே தென்கரைக்கு இடம் பெயர்ந்த அப்படையணி, கால்வாயைக் கடந்து பிரான்ஸின்மீது போர் புரிந்தது. 1942 ஆகஸ்ட் 19-ஆம் நாள் தியெப் துறைமுகத்தின்மேல் நிகழ்ந்த பெரும் வான்போரில் அதுவும் பங்கு கொண்டது. அன்று ஒரே பகலில் பிரிட்டிஷ் தரப்பு நூறு விமானங்களுக்கு மேல் இழந்தது.

1944-இல் முஸ்டாங் விமானங்கள் வந்தன. நார்மண்டிப் படையெடுப்புக்குப் பின், ஜூலை மாதம், கென்ட் மாவட்டத்தின் பிரென்செட் தளத்திலிருந்து புதியதொரு பகையை எதிர்க்க நேர்ந்தது. அப்பகை, விமானி இல்லாமலே லண்டனை நோக்கிப் பறந்துவந்த வி-1 குண்டு. அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 640 கிலோமீட்டர். சுமந்த வெடிமருந்தோ ஏறத்தாழ 850 கிலோ. தொலைவில் நின்று சுட்டால் குறி தவறும். அணுகிச் சுட்டால் வெடிப்பு சுட்டவனையே விழுங்கும். அந்த அபாயத்தின் நடுவே, போலந்து நாட்டுப் படையணிகளுடன் தோளோடு தோள் நின்று, மைசூர்ப் படையணி அவ்வேட்டையை நடத்தியது.

பெயர் மைசூரின் பெயர். பொருளும் மைசூரின் பொருள். விமானத்தைச் செலுத்தியோரோ பிரிட்டனும் கனடா முதலிய பிற தேசங்களும் அனுப்பிய இளைஞர்கள். 1918 செப்டம்பரில் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய மைசூர் லான்சர்ஸ் குதிரைப் படையில் இம்மண்ணின் மைந்தர்கள் இருந்தார்கள்; டில்லியில் மூன்று வீரர் சிலைகளுள் ஒன்று அவர்களை நினைவூட்டுகிறது. வானில் சென்ற மைசூருக்கு அவ்வாறு சிலையில்லை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. தியெப் போர் நிகழ்வதற்குப் பதினொரு நாள் முன்னர், ஆகஸ்ட் 8-ஆம் நாள், 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் பம்பாயில் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவின் ஈசூர் கிராமம் தன்னைச் சுதந்திர பூமியென அறிவித்துக்கொண்டது. அதன் விளைவாக மூண்ட வழக்கில் ஐவர் 1943 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டனர். மைசூரின் பெயர் தாங்கிய விமானங்கள் ஐரோப்பாவின் விடுதலைக்குப் பறந்த நாட்களில், மைசூரின் கிராமத்தார் தம் விடுதலைக்கு உயிரைக் கொடுத்தனர். நியாயத்தைக் காப்பேன் என்ற மொழி இருவருக்கும் பொருந்தும். ஆயினும் அந்நியாயத்தில் ஒரு பாதியையே அன்றைய ஆட்சி ஒப்புக்கொண்டது.

யுத்தம் முடிந்தபின் 129-ஆம் படையணி சில மாதங்கள் நார்வேயில் இருந்து திரும்பிற்று. 1946 செப்டம்பர் 1-ஆம் நாள் அதன் எண் 257 என மாறியது. அந்தப் புதிய எண்ணுக்குரிய பெயர் பர்மா. மைசூர் என்னும் பெயர் அவ்வளவில் அகன்றது. ஓராண்டு கழியுமுன் இந்தியா சுதந்திரம் பெற்றது. 1948 ஜனவரியில் பர்மாவும் பெற்றது.

படையணியின் பெயர் மறைந்தாலும் பறவை மறையவில்லை. மன்னரின் சின்னமாயிருந்தது இன்று மக்களாட்சியின் முத்திரையாயிற்று. அதன் இரு தலைகளும் இரு திசைகளை நோக்குவன. அந்நிய வானில் உயிர் நீத்த இளம் விமானிகளையும் ஈசூரின் ஐவரையும் ஒருங்கே நினைப்பதே நாம் அந்த 1942-ஆம் ஆண்டுக்குச் செலுத்தும் முறையான அஞ்சலி. வந்து குடியேறிய ஊரின் வரலாற்றை இவ்வாறு முழுமையாய் அறிந்துகொள்ளும்போது அவ்வூர் நமக்கும் சொந்த ஊராகிவிடுகிறது.