கோனிக்: குலத்தின் வழிவந்தவன்

ஜெர்மன் மொழியில் அரசனைக் குறிக்கும் 'கோனிக்' என்ற சொல்லின் பழைய வடிவம் 'குனிங்'. இதில் 'குன்னி' என்பது குலம். 'இங்' என்பது வழிவந்தவரைச் சுட்டும் விகுதி. மெரோவிங்கர், கரோலிங்கர் ஆகிய ஃபிராங்கிய அரச மரபுகளின் பெயர்களிலும் இதே விகுதியைப் பார்க்கலாம். ஆக, கோனிக் என்றால் குலத்தின் வழிவந்தவன். அவன் செல்வாக்கின் ஊற்று வாள் அன்று, குலமே. ஜெர்மானியர் குடிப்பிறப்பு பார்த்து அரசரைத் தேர்ந்தனர், ஆனால் வரம்பற்ற அதிகாரம் தரவில்லை என்று கி.பி. 98-ஐ ஒட்டி எழுதினார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். 919-இல் ஃபிராங்கியர், சாக்சனியர் ஆகிய ஜெர்மானிய மக்கள் ஃப்ரிட்ஸ்லார் நகரில் கூடித்தான் முதலாம் ஹென்றியை அரசராக்கினர்.

'இயலுதல்' எனப் பொருள்படும் 'கோனென்' என்ற வினையோடு இணைத்து, ஆற்றலுள்ளவனே அரசன் என்றார் ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல். கருத்து கவர்ச்சியானது, ஆனால் அந்த வினைக்கு வேர் வேறு. நம் 'கோன்'தானே இது என்றும் சிலருக்குத் தோன்றலாம். பழைய வடிவில் ஓகாரமே இல்லை. ஃபின்னிய மொழி முற்காலத்தில் கடன்வாங்கிக் காத்துவரும் 'குனிங்காஸ்' அதற்குச் சான்று. ஒலி ஒத்தால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. 1918-இல் ஜெர்மனியில் முடியாட்சி ஒழிந்தது. ஆனால் கோனிக் என்ற சொல் இன்றும் அங்கே பரவலான குடும்பப் பெயர்.