யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலப் பயன்பாட்டு மாற்றமும் நிலத்தடி நீரின் தரமும்

நிலப் பயன்பாட்டு மாற்றம் என்பது ஒரு நிலம் வேறொரு தேவைக்குத் திருப்பப்படுவதையும், அதே நிலத்தில் பயிரிடும் முறை மாறுவதையும் குறிக்கும். மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள பொருள்களைக் கரைத்துச் செல்வதால், இம்மாற்றம் நிலத்தடி நீரின் தரத்தையும் மாற்றுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமின்றிக் கிணறுகளையே பெரிதும் நம்பியிருக்கும் இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது தெளிவாகப் புலப்படுகிறது.

குடாநாட்டின் அடியில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் பரந்துள்ளது. வெடிப்புகளும் பொந்துகளும் மலிந்த இப்பாறையில் தேங்கும் பருவமழை நீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருப்பின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகையால் அளவுக்கு மீறி இறைக்கும்போது உவர்நீர் விரைவில் மேலேறிவிடுகிறது.

துலாவால் நீரிறைத்து, ஆட்டெருவும் குழையும் இட்டுப் பயிர்செய்த குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண் தோட்டங்களில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீரிறைக்கும் இயந்திரங்களும் இரசாயன உரங்களும் பரவின. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாய், வெங்காயச் செய்கை மேலும் விரிந்தது. பயிர் உறிஞ்சியது போக எஞ்சும் நைதரசனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக, அதாவது நீரில் எளிதில் கரையும் உப்பாக, மாற்றுகின்றன. எதிர்மின்னேற்றம் கொண்ட அதனை மண்துகள்கள் பற்றி நிறுத்தாததால், மழையோடும் பாசன நீரோடும் அது கிணற்றை அடைகிறது. குடியிருப்புகள் நெருங்கிய பகுதிகளில், ஒரே காணிக்குள் கிணற்றுக்கு அருகே அமைந்த மலக்குழிகள் நைத்திரேற்றையும் நோய்க்கிருமிகளையும் சேர்க்கின்றன. குளங்களும் கேணிகளும் தூர்க்கப்பட்ட இடங்களில் மழைநீர் நிலத்துள் இறங்கும் வழியும் குறைகிறது.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு கடக்கப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

மாசடைந்த நிலத்தடி நீர் தூய்மையாக நெடுங்காலம் பிடிக்கும். எனவே உரத்தைப் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுதல், கசியாத மலத்தொட்டிகளை அமைத்தல், குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துள் இறக்குதல் ஆகியவற்றை நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலின் கட்டாயக் கூறுகளாக்குவதே, கிணறுகளைப் பெரிதும் நம்பியிருக்கும் இந்நிலத்திற்கு ஏற்ற காப்பாகும்.